குடும்பத்து கிறிஸ்துமஸ் மரப் பண்ணையைப் பொறுப்பேற்பது எப்படி? வரிசை தவறாமல் ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து வடமேற்கு மூலையில், ப்ளூ ரிட்ஜ் மலைமேல், ஆஷ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது எங்கள் பண்ணை. ஏழு ஏக்கர். கணவரின் தாத்தா காலத்திலிருந்து, கிறிஸ்துமஸ் மரமாக விற்கும் ஃப்ரேசர் ஃபர் என்ற ஊசியிலை மரம் மட்டும்தான். நான் மருமகளாக வந்து பதினோரு வருடம் ஆகிறது. நடவு, கவாத்து, வெட்டு, விற்பனை எல்லாவற்றையும் கையால் செய்துதான் கற்றேன்.

அப்பாவிடமிருந்தோ மாமனாரிடமிருந்தோ நிலத்தை வாங்கிக்கொண்டு இறங்கிய பலர் தடுமாறியதை அக்கம்பக்கத்தில் பார்த்திருக்கிறேன். உழைப்பில் யாரும் குறை வைக்கவில்லை. வேலையின் வரிசைதான் மாறிப்போனது. நெல்லில் தப்பு செய்தால் நாலு மாதத்தில் தெரிந்துவிடும். இந்த மரத்தில் மூன்றாம் வருடமோ ஐந்தாம் வருடமோதான் தெரியவரும். அதற்குள் ஆயிரம் மரத்துக்கு அதே தப்பைச் செய்து முடித்திருப்போம்.

ஐந்து முதல் பத்து ஏக்கர் வரை உள்ள குடும்பப் பண்ணையை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

மண்வெட்டி, மண் மாதிரி எடுக்கும் குழாய், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கவாத்துக் கத்தி, கால்கவசம், இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ், ஒரு கெட்டி பிரஷ், ஒரு தடித்த நோட்டு. பூட்ஸ் ஏன் இரண்டு ஜோடி என்பது 3ஆம் பகுதியில் வரும்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். நாற்றங்காலில் நாலைந்து வருடம் வளர்ந்த கன்றைத்தான் நாம் வாங்கி நடுகிறோம். நிலத்தில் அது ஆறேழு அடி வளர இன்னும் 7 முதல் 10 வருடம் ஆகும். இன்று நடுவதிலிருந்து அதுவரை ஒரு காசு வராது. எங்கள் வீட்டில் கணவர் வெளியே வேலைக்குப் போகிறார். சிறு பண்ணை வைத்திருக்கும் பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான். பண்ணையை நம்பி இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

2. முதல் வருடம் நடாதீர்கள், நடந்து எண்ணுங்கள்

நிலம் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, காலியாகக் கிடக்கும் இடத்தில் கன்று வைக்க வேண்டும் என்பதுதான். அதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.

அந்த வருடத்தில் நிலத்தை பிளாக் பிளாக்காகப் பிரித்து வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் எத்தனை மரம், எத்தனை அடி உயரம், எந்த வருடம் நட்டது என்று எண்ணி எழுதுங்கள். இந்த டிசம்பரில் நீங்கள் விற்கப்போவது எட்டு வருடம் முன்பு இன்னொருவர் நட்டதை. அவர் ஒரு வருடம் நடாமல் விட்டிருந்தால் உங்களுக்கு ஒரு டிசம்பரில் விற்க மரம் இருக்காது. அது எந்த டிசம்பர் என்று இப்போதே தெரிந்தால்தான் வீட்டுச் செலவைச் சமாளிக்க முடியும்.

வரைபடம் தயாரானதும் பெரியவரோடு உட்காருங்கள். அவரால் நடக்க முடிந்தால் நிலத்திலேயே கூட்டிக்கொண்டு நடங்கள். பொதுவாக "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. மரத்தைத் தொட்டுக் கேளுங்கள். எந்த மூலையில் பனி கடைசியாக உருகும்? எங்கே மரம் காய்ந்தது, எந்த வருடம்? எந்த பிளாக்குக்குக் கடைசியாகச் சுண்ணாம்பு போட்டது? மே மாத உறைபனியில் கொழுந்து கருகியது எங்கே?

என் மாமனார் கீழ்ப்பிளாக் ஓரத்தில் வந்ததும் நின்றுவிட்டார். கைத்தடியால் தரையைக் குத்திக் காட்டி, இதற்குக் கீழே ஒரு கன்றும் வைக்காதே என்றார். அங்கே புல் பச்சைப் பசேலென்று இருந்தது. இவ்வளவு நல்ல இடத்தை ஏன் விட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நோட்டில் எழுதினேன், காரணம் கேட்கவில்லை. மூன்றாம் வருடம் அவர் படுத்த படுக்கையானபோது, இடம் வீணாகிறதே என்று அங்கே இருநூறு கன்று வைத்தேன். அவற்றில் ஒன்றுகூட விற்பனைக்கு வரவில்லை. அவர் சொல்வதோடு சேர்த்துக் காரணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நிலப் பங்கீட்டையும் இதே வருடம் பேசி முடிக்க வேண்டும். இந்த மாநிலத்தில் தோட்டக்கலை நிலத்துக்கான சொத்துவரிச் சலுகை வேண்டுமென்றால் குறைந்தது 5 ஏக்கர் சாகுபடியில் இருக்க வேண்டும். ஏழு ஏக்கரை மூன்று பிள்ளைகள் பிரித்துக்கொண்டால் யாருக்கும் சலுகை நிற்காது. போதாததற்கு முந்தைய 3 வருடம் தள்ளி வைத்த வரியும் வட்டியோடு வந்து நிற்கும். நிலத்தைப் பிரிக்காமல் வருமானத்தைப் பிரித்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். பத்திரம் எழுதுமுன் கவுண்டி வரி அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

3. மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

ஃப்ரேசர் ஃபருக்குக் குளிர்ந்த உயரமும் தண்ணீர் நிற்காத மண்ணும் வேண்டும். உயரத்தை மலை கொடுத்துவிடுகிறது. வடிகாலை நாம்தான் பார்க்க வேண்டும்.

நல்ல மழை பெய்த மறுநாள், ஒவ்வொரு பிளாக்கிலும் மேடு, நடு, பள்ளம் என்று மூன்று இடத்தில் இரண்டடி ஆழக் குழி எடுங்கள். குழியை ஒரு வாளித் தண்ணீரால் நிரப்பி, மறுநாள் காலையில் பாருங்கள். தண்ணீர் நின்றால் அங்கே நடாதீர்கள். தண்ணீர் இல்லாவிட்டாலும் குழியின் சுவரைக் கவனியுங்கள். மண் சாம்பல் நிறத்தில் துருப்புள்ளிகளோடு இருந்தால், வருடத்தில் பல வாரம் அங்கே தண்ணீர் தேங்குகிறது என்று பொருள்.

பயம் எல்லாம் ஃபைட்டோப்தோரா வேர் அழுகல் நோயைப் பற்றித்தான். அதன் வித்துகள் மண்ணிலுள்ள நீரில் நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். முதலில் ஒரு கிளை வாடி மஞ்சளாகும், பிறகு மரம் முழுவதும் செம்பழுப்பாகும். சந்தேகம் வந்தால் மரத்தின் அடியில், மண்ணை ஒட்டிய பட்டையைக் கத்தியால் சுரண்டுங்கள். நல்ல மரத்தில் உள்ளே வெளிர்நிறமாக இருக்கும். நோய் வந்த மரத்தில் இலவங்கப்பட்டை நிறம் வேரிலிருந்து மேலே ஏறியிருக்கும். என் இருநூறு மரத்திலும் அந்த நிறத்தைத்தான் பார்த்தேன்.

நோய் பிடித்த மரத்தைக் காப்பாற்ற மருந்து கிடையாது. மண்ணில் ஒருமுறை வந்துவிட்டால் போகவும் போகாது. பூட்ஸில் ஒட்டிய சேற்றிலும் ட்ராக்டர் சக்கரத்திலும் அது அடுத்த பிளாக்குக்குப் பயணம் செய்யும். அதனால்தான் இரண்டு ஜோடி பூட்ஸ்: ஒன்று ஈரமான கீழ்ப்பகுதிக்கு மட்டும். வேலையையும் எப்போதும் மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடியுங்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வெள்ளம் மூழ்கடித்த இடங்கள் உங்கள் நிலத்தில் இருந்தால், வேறு யார் நிலத்து மண் அங்கே வந்து படிந்ததோ தெரியாது. அவற்றைச் சந்தேகத்துக்குரிய இடமாகவே வையுங்கள்.

அப்படிப்பட்ட இடத்தை என்ன செய்வது? வேர் அழுகலைத் தாங்கும் மோமி ஃபர் என்ற இன்னொரு ஃபர் வகையின் வேர்க்கன்றில் ஒட்டுக்கட்டிய ஃப்ரேசர் கிடைக்கிறது, விலை கூடுதல். நான் அந்த இடத்தைப் புல்லாகவே விட்டுவிட்டேன். டிசம்பரில் வண்டி நிறுத்த அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

மண் பரிசோதனையை நடவுக்கு ஒரு வருடம் முன்பே செய்யுங்கள். மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5 ஒட்டி இருந்தால் இந்த மரத்துக்குப் பிடிக்கும். சுண்ணாம்பும் மணிச்சத்தும் மண்ணில் மிக மெதுவாகத்தான் கீழே இறங்கும். மரம் வைத்த பிறகு மேலே தூவினால் வேருக்குப் போய்ச் சேரப் பல வருடமாகும். நிலம் காலியாக இருக்கும்போது போட்டு உழுது கலந்தால்தான் பலன்.

4. எத்தனை கன்று என்ற கணக்கு

5 அடிக்கு 5 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 1,742 மரம் என்று புத்தகக் கணக்கு வரும். ட்ராக்டர் பாதையையும் வண்டி திரும்பும் இடத்தையும் கழித்தால் 1,400, 1,500தான் தேறும். பாதையில் கஞ்சத்தனம் பிடிக்காதீர்கள். கவாத்துக்கும் வெட்டுக்கும் ஒவ்வொரு மரத்திடமும் நீங்கள் இருபது முறையாவது போய்வர வேண்டும்.

எங்கள் ஏழு ஏக்கரில் மரம் நிற்பது ஐந்தரை ஏக்கர். சுழற்சியைப் பத்து வருடமாக வைத்து, வருடம் அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட நடுகிறோம். சுமார் 800 கன்று. விலை நன்றாக இருக்கிறது என்று ஒரு வருடம் மூவாயிரம் வைப்பதும், விலை விழுந்தது என்று அடுத்த வருடம் ஒன்றுமே வைக்காததும் இரண்டுமே தவறு. 2008 பொருளாதார வீழ்ச்சியின்போது பலர் நடவைக் குறைத்தார்கள். எட்டு ஒன்பது வருடம் கழித்து, 2016, 2017 வாக்கில், நாடு முழுவதும் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. விலை ஏறிய அந்த நேரத்தில் அவர்களிடம் விற்க மரம் இல்லை.

கன்றுக்கு ஒரு வருடம், முடிந்தால் இரண்டு வருடம் முன்பே நாற்றங்காலில் சொல்லி வையுங்கள். கடைசி நேரத்தில் கிடைப்பது மற்றவர்கள் கழித்தது.

5. நடவு நாள்

மார்ச் கடைசி, ஏப்ரல். தரையில் உறைவு விட்ட பிறகு, கன்றின் மொட்டு விரிவதற்கு முன்.

கன்று மூட்டை வந்ததும் நிழலில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் தப்பு, ஒரு கைப்பிடிக் கன்றை எடுத்துக்கொண்டு வரிசை நெடுக முன்கூட்டியே போட்டுவிட்டு வருவது. மெல்லிய வேர்கள் வெயிலிலும் காற்றிலும் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜூனில் கன்று சிவக்கும். ஈரச் சாக்குப் பையில் கன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழி தயாரான பிறகு ஒன்றொன்றாக எடுங்கள்.

குழி வேரின் நீளத்தைவிட ஆழமாக இருக்கட்டும். குழி ஆழமில்லாமல் கன்றைத் திணித்தால் வேர்நுனி தூண்டில் முள்போல மேலே மடங்கிக்கொள்ளும். அந்த மரம் இரண்டு மூன்று வருடம் உயிரோடுதான் இருக்கும், வளராது. வேரைக் கொஞ்சம் கீழே இறக்கி, பிறகு சரியான உயரத்துக்கு இழுத்துவிட்டால் வேர் நேராகும். நாற்றங்காலில் எந்த அளவு மண்ணுக்குள் இருந்ததோ அதே அளவுதான் இங்கேயும். மண்ணைத் தள்ளிக் குதிகாலால் அழுத்துங்கள். நட்ட பிறகு மேல் கொழுந்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். கன்று மேலே வந்தால் உள்ளே காற்று இருக்கிறது.

வெட்டிய பிளாக்கில் மறுநடவு என்றால் பழைய அடிக்கட்டையைப் பிடுங்க வேண்டியதில்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். கட்டை தானாக மக்கிவிடும்.

6. முதல் மூன்று வருடம்

இந்தக் காலத்தில் கன்றின் எதிரி புல்தான். புல் தண்ணீரைக் குடிக்கிறது, அதைவிட மோசமாக எலிக்கு வீடாகிறது. குளிர்காலத்தில் உயரமான காய்ந்த புல்லுக்குள் ஒளிந்துகொண்டு வயல் எலிகள் அடிப்பட்டையைச் சுற்றிக் கடித்துவிடும். பனி உருகும்போதுதான் தெரியும்.

அதற்காக தரையை மொட்டையாக்கிவிடக் கூடாது. இது சரிவு நிலம், ஒரு மழைக்கு மேல்மண் போய்விடும். வெள்ளைக் குளோவர் என்ற படர்செடி பரவட்டும். அது குட்டையாக இருக்கும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தழைச்சத்தும் தரும். புல் வெட்டும் எந்திரத்தைக் கன்றுக்கு மிக அருகில் கொண்டுபோகாதீர்கள். அடித்தண்டில் ஒரு காயம் பட்டால் அந்த மரத்தின் அந்தப் பக்கம் மெலிந்துவிடும்.

7. கவாத்து

பண்ணையின் பெயர் இதில்தான் நிற்கும் அல்லது போகும். மூன்றாம் வருடம் வாக்கில் தொடங்கி, விற்கும் வருடம் வரை ஒவ்வொரு வருடமும் உண்டு.

நேரம்: ஃப்ரேசருக்கு ஜூலை, ஆகஸ்ட். அந்த வருட வளர்ச்சி நின்று, கொழுந்து முற்றிய பிறகு. பைன் மரம் வைத்திருப்பவர்கள் ஜூனிலேயே இளங்கொழுந்தில் வெட்டுவதைப் பார்த்துவிட்டு அவசரப்படாதீர்கள். பைனின் தண்டு நடுவில் மொட்டு கிடையாது, அதனால் அவர்கள் இளசிலேயே வெட்டியாக வேண்டும். ஃபருக்குத் தண்டு நெடுக மொட்டு உண்டு.

முதலில் உச்சிக்குருத்து, பிறகு பக்கம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். உச்சியின் உயரம் முடிவான பிறகுதான் கூம்பின் சரிவு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

உச்சியில் இரண்டு குருத்து போட்டியிட்டால், நேராகவும் தடிமனாகவும் இருப்பதை வைத்து மற்றதை அடியோடு எடுங்கள். மிச்சமிருக்கும் குருத்தைப் பன்னிரண்டு அங்குலத்தில் வெட்டுங்கள். இதற்குக் கைக்கத்தரி போதும். நல்ல பருத்த மொட்டு ஒன்றைத் தேடி, அதற்கு அரை அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். சாய்வின் உயர்ந்த பக்கம் மொட்டின் பக்கமாக இருக்கட்டும். அடுத்த வருடம் அந்த மொட்டுதான் புதிய உச்சி. குருத்தை வெட்டாமல் இருபது அங்குலம் விட்டால் இரண்டு கிளைத்தட்டுக்கு நடுவில் பெரிய இடைவெளி விழும். வாங்க வருபவர் கண்ணில் முதலில் படுவது அந்த ஓட்டைதான்.

பக்கத்துக்கு நீளக் கத்தி. கையை உயர்த்தி, மேலிருந்து கீழாக, உடம்பை விட்டு விலகி இறங்கும்படி ஒரே வீச்சு. கத்தி இறங்கும் பக்கத்துக் காலுக்குக் கவசம் இல்லாமல் யாரையும் வரிசைக்குள் விடாதீர்கள். பிள்ளைகளானாலும் சரி, சம்பந்தியானாலும் சரி. இருவர் வேலை செய்தால் நடுவில் இரண்டு வரிசையாவது காலியாக இருக்கட்டும். ஆகஸ்டில் தரைக்குள் மஞ்சள் குளவி கூடு கட்டியிருக்கும். வரிசைக்குள் இறங்குமுன் ஒரு நிமிடம் நின்று, தரையிலிருந்து குளவி ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.

அகலம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதும். ஆறடி மரத்துக்கு நாலடி. புதியவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் பயந்து நுனியை மட்டும் தொடுவார்கள், மரம் பரட்டையாகிவிடும். சிலர் வழவழவென்று செதுக்குவார்கள். அப்படி இறுகிய மரத்தில் அலங்காரம் தொங்க இடம் இருக்காது, உள்ளே காற்றும் போகாது. ஐந்து மரம் வெட்டிய பிறகு பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். அருகில் நின்றால் கை ஓடும், கண் ஓடாது.

கீழ்ப்பகுதியில் தரையை ஒட்டிய கிளைகளை எடுத்து, தண்டை ஆறு முதல் பத்து அங்குலம் வரை வெளியே காட்டுங்கள். வாங்குபவர் வீட்டில் மரத்தை நிறுத்தும் ஸ்டாண்டுக்குள் போவது அந்தப் பகுதிதான். இதைக் கடைசி வருடத்துக்கு வைத்தால் கீழே ஒரு தட்டு முழுவதும் போய் மரம் குட்டையாகத் தெரியும். சின்னதில் செய்தால் வடிவம் அதற்கேற்ப வந்துவிடும்.

8. காய் பறிப்பு

இந்த வேலை இருப்பதே புதியவர்களுக்குத் தெரியாது. ஃப்ரேசரின் காய் கிளைமேல் மெழுகுவர்த்திபோல நிமிர்ந்து நிற்கும், பெரும்பாலும் உச்சியில். விட்டுவிட்டால் மரத்தின் சத்தையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். இலையுதிர்காலத்தில் செதில் செதிலாக உதிர்ந்து நடுக்காம்பு மட்டும் கிளையில் துருத்திக்கொண்டிருக்கும், அந்த இடத்தில் கொழுந்தும் வராது.

மே கடைசியிலிருந்து ஜூனுக்குள், விரல் நீளத்துக்கு வருமுன், கையால் திருகி எடுங்கள். இளசாக இருக்கும்போது ஊதாவும் பச்சையுமாக, கத்தரிப்பிஞ்சுபோல மெத்தென்றிருக்கும். ஒரு திருகில் வந்துவிடும். முற்றினால் கிளையைக் கிழித்துக்கொண்டு வரும். பிசின் விரலிடுக்கில் ஒட்டினால் சோப்பு கேட்காது. எண்ணெய் தேய்த்துக் கழுவுங்கள். சில வருடம் ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும். பிள்ளைகள் பாதுகாப்பாகச் செய்யக்கூடிய வேலை இது. எங்கள் வீட்டில் வாளிக் கணக்கில் கூலி உண்டு. சொந்த நிலம்தானே என்று சும்மா வேலை வாங்கினால் அந்தப் பிள்ளை பதினெட்டு வயதில் பண்ணைப் பக்கம் திரும்பாது.

9. பூச்சி

மாதம் ஒருமுறை கைலென்ஸோடு ஒவ்வொரு பிளாக்கிலும் வளைந்து வளைந்து நடங்கள். வெள்ளைத்தாளைப் பிடித்து அதன்மேல் கிளையைத் தட்டினால் சிலந்திப்பேன் நகர்வது தெரியும். அடித்தண்டில் வெள்ளைப் பஞ்சுப் புள்ளிகள், உச்சி ஒரு பக்கம் வளைவது, கிளைநுனி வீங்குவது இவை பால்சம் கம்பளி அசுவினியின் அடையாளம். இலையின் அடியில் பழுப்புச் செதில், மேலே மஞ்சள் திட்டு என்றால் ஹெம்லாக் செதில்பூச்சி.

பார்க்காமல் தெளிக்காதீர்கள். நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்றுவிட்டால் சிலந்திப்பேன் பல மடங்காகப் பெருகும். மருந்தின் பெயரையும் அளவையும் கவுண்டி விவசாய ஆலோசகரிடம் மரக்கிளையோடு போய்க் கேளுங்கள்.

10. வெட்டும் விற்பனையும்

செப்டம்பரில் அளவுகோலோடு போய், விற்கும் மரங்களுக்கு உயரவாரியாக நிற நாடா கட்டுங்கள். டிசம்பர் கூட்டத்தில் பேரம் பேசிக்கொண்டு அளக்க முடியாது. மொத்தமாக வாங்குபவருக்கு வாக்குக் கொடுப்பதும் இந்த எண்ணிக்கை வந்த பிறகுதான்.

சில இரவுகள் நல்ல குளிர் விழட்டும், பிறகு வெட்டுங்கள். குளிர் பட்ட மரத்தில்தான் ஊசியிலை உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டியதை வலை சுற்றும் எந்திரத்தில் இழுத்து, நிழலில், காற்று படாமல் அடுக்குங்கள்.

சிறு பண்ணைக்கு நல்ல வருமானம், குடும்பங்கள் நேரில் வந்து தாங்களே தேர்ந்து வெட்டிக்கொள்வதில்தான். நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை தொடங்கி மூன்று வாரம். அந்த மூன்று வாரத்துக்கு யார் எங்கே நிற்பது என்று அக்டோபரிலேயே எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் மாமியாரும் நாத்தனாரும் ஃபர் கிளைகளில் அலங்கார வளையம் கட்டுவார்கள், கணவர் வலை எந்திரம், நான் பணப்பெட்டி. சங்கிலி ரம்பம் எங்கள் கையில் மட்டும். வருபவர்களுக்குக் கைரம்பம்.

வண்டியில் ஏற்றுமுன் ஒவ்வொருவரிடமும் மூன்று விஷயம் சொல்லுங்கள். வீட்டுக்குப் போக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனால், ஸ்டாண்டில் வைக்குமுன் அடியில் ஓர் அங்குலம் புதிதாக வெட்ட வேண்டும். வெட்டுவாயைப் பிசின் மூடியிருக்கும். அடித்தண்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்குத் தினமும் ஒரு லிட்டர் வீதம் தண்ணீர் பிடிக்கும் ஸ்டாண்ட் வேண்டும். வெறும் தண்ணீர் போதும், சர்க்கரையோ மாத்திரையோ வேண்டாம். இதைச் சொல்லி அனுப்பிய குடும்பம் அடுத்த வருடமும் வருகிறது. சிறுமியாக வந்த ஒரு பெண் போன டிசம்பரில் தன் கைக்குழந்தையோடு வந்து, அதே மேல்பிளாக்தான் வேண்டும் என்று கேட்டாள்.

11. ஜனவரி

அசதியில் பலர் விட்டுவிடும் வேலை இது. பனி மூடுமுன் ஒருநாள் எல்லா பிளாக்கிலும் நடந்து அடிக்கட்டைகளை எண்ணுங்கள். பணப்பெட்டிக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். எந்த பிளாக் மறுநடவுக்கு, எது ஒரு வருடம் ஓய்வுக்கு, எத்தனை கன்று சொல்ல வேண்டும் என்று நோட்டில் ஏற்றுங்கள். பக்கத்திலேயே எந்த மரம் ஏன் போனது என்ற காரணமும்.

எழுதும்போது வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டில் போன ஜனவரிப் பக்கம் என் பத்து வயது மகள் கையெழுத்தில் இருக்கிறது. கீழ்ப்பிளாக் என்ற வரிக்கு எதிரே, "இங்கே நடக் கூடாது, தண்ணீர் நிற்கும், வேர் அழுகும்" என்று அவள் எழுதியிருக்கிறாள்.